நிறை உள்ளவை ஒளியை எட்டாதது ஏன்

கம்போங் குவாந்தானில் இருட்டிய பிறகு துடுப்புப் படகில் ஏறினால், சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்கள் மின்மினிகளால் விட்டு விட்டு ஒளிர்வதைக் காணலாம். பூச்சியின் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறும்போது அந்த வெளிச்சம் பிறக்கிறது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 299,792,458 மீட்டர். காற்றில் அதைவிட மிகச் சிறிதே குறைவு. மின்மினியின் ஒளி மெல்லப் புறப்பட்டுப் படிப்படியாக இந்த வேகத்தைப் பிடிப்பதில்லை. பிறந்த கணமே அதற்கு முழு வேகம். அதே ஆற்றில் போகும் படகின் கதை வேறு. துடுப்பு வலிக்க வலிக்க வேகம் கூடும், நிறுத்தினால் குறையும். ஆனால் எவ்வளவு பலத்தோடு எத்தனை யுகம் வலித்தாலும், அந்தச் சிறு பூச்சியின் ஒளி பிறவியிலேயே பெற்ற வேகத்தைப் படகு தொடாது. படகுக்கு நிறை உண்டு, ஒளிக்கு இல்லை. இந்த ஒரு வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிய தடையாகிறது என்பதே இங்கே ஆராய வேண்டியது.

பள்ளிப் புத்தகங்களும் வார இதழ்களும் பல காலமாகச் சொல்லிவரும் விடை ஒன்று உண்டு. வேகம் கூடக் கூடப் பொருளின் நிறையும் கூடுகிறது. ஒளியின் வேகத்தை நெருங்கும்போது நிறை முடிவிலியாகிவிடுகிறது. முடிவிலி நிறையைத் தள்ள முடிவிலி விசை வேண்டும். அது யாரிடமும் இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது, கணக்கும் ஒத்துப்போகிறது. இதற்கு மதிப்பான பூர்வீகமும் உண்டு. 1901 முதல் வால்டர் காஃப்மன் என்ற ஜெர்மானியர் ரேடியத்திலிருந்து சீறி வரும் எலெக்ட்ரான்களைக் காந்தப் புலத்தாலும் மின்புலத்தாலும் வளைத்துப் பார்த்தார். வேகமான எலெக்ட்ரான்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வளைந்தன. அவற்றின் நிறை கூடிவிட்டது என்று சொல்வதே அன்றைக்கு இயல்பாக இருந்தது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரை 1905இல் வந்த பிறகும் அந்தப் பேச்சு தொடர்ந்தது. 1989இல் ரஷ்ய இயற்பியலாளர் லெவ் ஒக்குன், இப்படிச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று வாதாடி எழுதினார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லும் முன், முதலில் சோதனை என்ன காட்டுகிறது என்று பார்ப்போம்.

இதைத் தெளிவாகக் காட்டிய சோதனை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வில்லியம் பெர்டோஸி செய்தது. முடிவுகள் 1964இல் வெளியாயின. எலெக்ட்ரான் கற்றைகளைப் படிப்படியாக அதிக ஆற்றலோடு முடுக்கிவிட்டு, 8.4 மீட்டர் தூரத்தைக் கடக்க அவை எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தார். 0.5 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெற்ற எலெக்ட்ரான், நியூட்டனின் கணக்குப்படி ஒளியைவிட 1.4 மடங்கு வேகமாகப் போயிருக்க வேண்டும். அளந்த வேகமோ ஒளியின் 87 விழுக்காடுதான். ஆற்றலை 15 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு உயர்த்தினார். நியூட்டன் கணக்கில் அது ஒளியைப் போல் 7 மடங்குக்கும் மேல். கருவி காட்டியது, ஒளி வேகத்திலிருந்து பிரித்தறிய முடியாத ஒரு வேகம். அதைத் தாண்டி எதுவும் இல்லை.

கொடுத்த ஆற்றல் எலெக்ட்ரானுக்குப் போய்ச் சேரவே இல்லையோ, வழியில் எங்கோ வீணாகிவிட்டதோ என்று ஒருவர் கேட்கலாம். பெர்டோஸி அதற்கும் வழி செய்திருந்தார். எலெக்ட்ரான்கள் ஓடி முடிந்து மோதிய அலுமினியத் தட்டு எவ்வளவு சூடேறியது என்று அளந்தார். கொடுத்த ஆற்றல் அத்தனையும் வெப்பமாக அங்கே இருந்தது. ஆக, எலெக்ட்ரான் ஆற்றலை வாங்கிக்கொண்டது உண்மை. வேகம் மட்டும் கூடவில்லை. இந்தச் சூடேறிய தட்டு எனக்கு மிகவும் பிடித்த சான்று. எந்தத் தத்துவ விவாதத்தையும் ஒரு வெப்பமானி முடித்துவைக்கிறது.

இதை நம் வட்டாரக் கணக்குக்குக் கொண்டு வரலாம். கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளான் போகும் வழியில் காப்பாரில் இருக்கும் சுல்தான் சலாவுடின் அப்துல் அசிஸ் மின்நிலையத்தின் முழுத் திறனை 2,420 மெகாவாட் என்று கொள்வோம். அதன் மின்சாரம் அனைத்தையும், ஒரு துளி வீணாகாமல், ஒரு கிலோ உதிரிச் செம்பனைப் பழத்தை வேகப்படுத்த மட்டுமே செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். நியூட்டன் சொன்னதே முழு உண்மையாக இருந்தால் 7 மாதத்தில் அந்தப் பழம் ஒளி வேகத்தை எட்டிவிடும். உண்மையில் ஒளியின் 90 விழுக்காட்டை எட்டவே ஒன்றரை ஆண்டு பிடிக்கும். 99 விழுக்காட்டுக்கு 7 ஆண்டு. 99.9 விழுக்காட்டுக்கு 25 ஆண்டு. 99.99 விழுக்காட்டுக்கு 82 ஆண்டு. இந்த வரிசை எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். கடைசியில் இன்னொரு 9 சேர்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 3 மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். அதற்கடுத்த 9க்கு மேலும் 3 மடங்கு. முழு 100 என்பது முடிவில்லாத ஒன்பதுகளுக்கு அப்பால் இருக்கிறது. பிரபஞ்சத்தில் உள்ள எல்லா விண்மீன்களையும் எரித்தாலும் இந்த ஒரு கிலோவை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

ஆனால் இந்தக் கணக்கு விளைவைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. ஆற்றல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

காரணம் இடமும் காலமும் பின்னப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. 1905இல் ஐன்ஸ்டைன் எடுத்துக்கொண்ட அடிப்படை இரண்டு: சீராக நகரும் எல்லோருக்கும் இயற்கை விதிகள் ஒன்றே; ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றே. இரண்டாவதுதான் மனத்தில் இறங்க மறுப்பது. ஒளியின் 90 விழுக்காட்டு வேகத்தில் ஒரு படகு போகிறது, கரையில் ஒரு மின்மினி மின்னுகிறது என்றால், படகைக் கடந்து போகும் ஒளி மீதமிருக்கும் 10 விழுக்காட்டு வேகத்தில்தான் தாண்டிப் போகும் என்று நாம் எதிர்பார்ப்போம். படகில் இருப்பவர் அளந்து பார்த்தால் அது முழு 299,792,458 மீட்டராகவே இருக்கும். அவருடைய கடிகாரமும் அளவுகோலும் கரையில் இருப்பவருடையதோடு ஒத்துப்போவதில்லை. அந்தப் பொருந்தாமை, ஒளியின் வேகம் இருவருக்கும் மாறாமல் இருக்கும்படி மிகச் சரியாக அமைந்திருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். படகில் இருப்பவர் எவ்வளவு முன்னேறினாலும், அவர் பார்வையில் ஒளிக்கும் அவருக்கும் இடையே இருந்த வேக இடைவெளி ஓர் இம்மியும் குறைந்திருக்காது. துடுப்பு வலிக்கத் தொடங்கும்போது ஒளி எவ்வளவு வேகத்தில் அவரை விட்டு விலகியதோ, நூறாண்டு வலித்த பிறகும் அதே வேகத்தில்தான் விலகும். குறையாத இடைவெளியைக் கடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கரையில் நிற்பவருக்குத்தான் அவர் 90, 99, 99.9 என்று நெருங்கிக்கொண்டே போவதாகத் தெரியும்.

அந்த நெருக்கம் எப்படி வருகிறது என்பதை எண்ணாலும் பார்க்கலாம். சார்பியலில் வேகங்கள் நேரடியாகக் கூடுவதில்லை. ஒளியின் பாதி வேகத்தில் போகும் கலத்திலிருந்து, அதே திசையில், கலத்தைப் பொறுத்துப் பாதி ஒளி வேகத்தில் இன்னொரு கலத்தை ஏவினால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது முழு ஒளி வேகமாகத் தெரியாது. 80 விழுக்காடாகத் தெரியும். அதிலிருந்து மீண்டும் ஒன்று: 92.9 விழுக்காடு. மீண்டும் ஒன்று: 97.6. மீண்டும்: 99.2. ஒவ்வோர் ஏவுதலும், ஏவுபவரைப் பொறுத்த வரையில், முன்னதைப் போலவே முழுமையானது. எந்த உந்துதலும் பலம் குன்றவில்லை. இடமும் காலமும் வேகத்தைக் கூட்டும் விதம்தான் மாறியிருக்கிறது.

நிறை கூடுகிறது என்ற பழைய விளக்கத்தை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். விண்வெளியிலிருந்து வரும் அணுத்துகள் ஒன்றின் பக்கம் நின்று பாருங்கள். அதன் பார்வையில் அது அசையாமல் இருக்கிறது. சிலாங்கூர் முழுவதும், பூமியோடு சேர்ந்து, ஒளியின் 99.9 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேகத்தில் அதை நோக்கி ஓடி வருகிறது. அதற்காகச் செம்பனை ஆலையின் எடைமேடையில் நிற்கும் லாரியின் எடை கூடிவிடுமா? கூடாது. பொருளின் நிறை பொருளுக்குச் சொந்தமானது, மாறாதது. மாறுவது உந்தமும் ஆற்றலும். அவை பார்ப்பவரையும் பார்க்கப்படுவதையும் சேர்த்துப் பொருள் கொள்பவை. இந்த வேறுபாட்டைச் சிறுவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. எளிமை என்ற பெயரில் தவறான படத்தைக் கொடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் அதை அழிக்கச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

   

விண்வெளித் துகளைப் பற்றிச் சொன்னேன். அது கற்பனை அல்ல. மேல் வளிமண்டலத்தில் 15 கிலோமீட்டர் அளவு உயரத்தில் விண்கதிர்கள் காற்றின் அணுக்களோடு மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. மியூவான் சராசரியாக நொடியின் 10 லட்சத்தில் 2.2 பங்கு நேரம்தான் உயிரோடு இருக்கும். ஒளி வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். தரைக்கு வந்து சேர வழியில்லை. ஆனால் வந்து சேர்கின்றன. ஆற்றின் நடுவே கையை நீட்டினால் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அவை பாய்ந்துகொண்டே இருக்கும். அவ்வளவு வேகத்தில் ஓடும் மியூவானின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிடப் பல பத்து மடங்கு மெதுவாக ஓடுகிறது. புரூனோ ரோஸியும் டேவிட் ஹாலும் 1941இல் இதை அளந்து காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த மியூவான்களை விடாமல் எண்ணிக்கொண்டிருக்கும் இடம் ஊட்டி. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் கிரேப்ஸ்-3 கூடத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி இருக்கிறது. 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் அளவு மின்னழுத்தம் இருந்ததை, மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணித்து 2019இல் வெளியிட்டார்கள். ஒளியை எட்டாமல் நெருங்கும் துகள், மேகத்தின் வயிற்றை அளக்கும் கருவியாகிவிட்டது.

மனிதன் கட்டிய எந்திரங்கள் இதைவிடத் துல்லியமாகப் பேசுகின்றன. ஜெனீவாவுக்கு அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில், 2000 வரை ஓடிய எலெக்ட்ரான் முடுக்கி, எலெக்ட்ரானை ஒளி வேகத்திலிருந்து நொடிக்கு 4 மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு வரை கொண்டுவந்தது. அதே சுரங்கத்தில் இப்போது ஓடும் புரோட்டான்கள் ஒளியைவிட நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் பின்தங்குகின்றன. புரோட்டான் எலெக்ட்ரானைவிட 1,836 மடங்கு நிறை மிக்கது. எவ்வளவு மின்சாரம் ஊற்றினாலும் மிச்சமிருக்கும் அந்தச் சிறு இடைவெளி சுழியாகவில்லை.

இந்த எல்லையின் மிகப் பெரிய விளைவை முதலில் ஆழமாகக் கண்டவர்களில் ஒருவர் தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19ஆம் தேதி லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். 1928இல் ஜெர்மனியிலிருந்து அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சந்திரசேகர் தேடிப்போய்ச் சந்தித்தார். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்ற செய்தியையும், எலெக்ட்ரான்களைப் பற்றிய புதிய கட்டுரை ஒன்றின் அச்சுப் படியையும் சோமர்ஃபெல்ட் கொடுத்தார். அடுத்த ஆண்டே சந்திரசேகரின் கட்டுரை லண்டனில் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1930 ஜூலை கடைசியில், 19 வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறினார்.

அந்த 1930ஆம் ஆண்டை நம் தோட்டப்புறம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வேலையிழந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பிக் கப்பலேற்றப்பட்ட காலம் அது. ஒரே இனத்து மக்கள், ஒரே பருவத்தில், இரு வேறு கடல்களில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கப்பல்களின் கீழ்த்தளத்தில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கணிதம் வந்திருக்குமோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கப்பலில் சந்திரசேகர் போட்ட கணக்கு வெண்குறுமீன்களைப் பற்றியது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையால் சுருங்கிப் பூமி அளவுக்குக் குறுகுகிறது. சிரியஸ் என்ற பிரகாசமான விண்மீனின் துணை அப்படிப்பட்டது: சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருவம். அதற்கு மேல் அது நொறுங்காமல் தாங்குவது எலெக்ட்ரான்கள். இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது குவாண்டம் விதி. நெருக்க நெருக்க அவை மேலும் மேலும் உயர்ந்த உந்தத்துக்குத் தள்ளப்படுகின்றன, எதிர்த்து முட்டுகின்றன. கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபவுலர் 1926இல் இதைக் காட்டியிருந்தார். அவர் கணக்குப்படி எந்த விண்மீனுக்கும் இந்த அமைதியான முடிவு கிடைக்கும்.

சந்திரசேகர் கவனித்தது, மையத்தில் இருக்கும் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கதாகிவிடுகிறது என்பதை. அப்படியானால் நியூட்டனின் கணக்கு அங்கே செல்லாது. துகள்கள் தரும் அழுத்தம், அவற்றின் உந்தத்தையும் வேகத்தையும் பெருக்கி வருவது. மெதுவான எலெக்ட்ரானின் உந்தம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும்; அழுத்தத்துக்கு அது தரும் பங்கு நான்கு மடங்காகும். ஒளியை நெருங்கிவிட்ட எலெக்ட்ரானின் உந்தம் இரட்டித்தாலும் வேகம் அங்கேயே நிற்கும். பங்கு இரண்டு மடங்குதான். ஈர்ப்புக்கு அப்படி எந்தத் தளர்ச்சியும் இல்லை, நெருக்க நெருக்க அது வலுத்துக்கொண்டே போகும். ஆகவே ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் எலெக்ட்ரான்கள் தோற்றே ஆக வேண்டும். இன்று அந்த நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று ஏற்கப்பட்டிருக்கிறது. சந்திரசேகர் எல்லை என்று பெயர். எலெக்ட்ரானால் ஒளியை எட்ட முடியாது என்பதால் மட்டுமே இப்படி ஓர் எல்லை இருக்கிறது. எஸ்தோனியாவில் வில்ஹெல்ம் ஆண்டர்சனும் இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனரும் எளிமையான மாதிரிகளில் இதே திசையில் அப்போது கணக்கிட்டிருந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் முழு விண்மீனுக்குப் பொருந்தும் கோட்பாடாக அதை வளர்த்து, அதன் பொருளை விடாமல் எடுத்துச் சொன்னவர் சந்திரசேகர்.

1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டன் ராயல் வானியல் கழகத்தில் அவர் பேசி முடித்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்ற பொருளில் பேசினார். அவையினர் சிரித்தார்கள். 1919 சூரிய கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குச் சான்று தேடித்தந்தவர் இதே எடிங்டன். சார்பியலை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரே அதன் கடைசி விளைவை ஏற்க மறுத்தார். சந்திரசேகர் 1937இல் அமெரிக்காவுக்குப் போனார், 1939இல் விண்மீன் அமைப்பைப் பற்றிப் புத்தகம் எழுதினார், வேறு துறைகளுக்கு நகர்ந்தார். நோபல் பரிசு 1983இல் வந்தது. இந்தத் தாமதத்தை அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டதைப் புகழ்ந்து எழுதுவது வழக்கம். எனக்கு அதில் புகழ்ச்சியைவிட வருத்தமே மேலோங்குகிறது. ஒரு துறை பல ஆண்டுகளை இழந்தது.

சந்திரசேகர் எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை 1987 பிப்ரவரியில் நாமே பார்த்தோம். பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு பெருவிண்மீனின் இரும்பு மையம் தாங்கும் அளவைக் கடந்து இடிந்து விழுந்தது. அதிலிருந்து புறப்பட்ட நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் 160,000 ஒளியாண்டுக்கு மேல் பயணம் செய்து, வெளிச்சம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யா ஆகிய இடங்களின் நிலத்தடிக் கருவிகளில் பதிவாயின. அவை ஒளியை முந்தவில்லை. வெடிப்பின் அதிர்ச்சி விண்மீனின் மேற்பரப்பை அடைந்த பிறகுதான் ஒளி வெளிப்பட முடிந்தது. நியூட்ரினோ எதிலும் சிக்காமல் முன்னதாகவே கிளம்பிவிட்டது.

நியூட்ரினோ என்றால் கோலார் தங்கவயலைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக உழைத்த அந்தச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் பதிவாயின. தங்கமே இந்தக் கட்டுரையின் பொருளோடு தொடர்புடையது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. தங்க அணுக்கருவில் 79 புரோட்டான்கள். அதன் இழுப்பில் உள்ளடுக்கு எலெக்ட்ரான் ஒளியின் 58 விழுக்காட்டை நெருங்கும் வேகத்தைப் பெறுகிறது. அந்த வேகத்தில் நியூட்டன் கணக்கு போதாது. எலெக்ட்ரான் அடுக்குகள் சுருங்கியும் விரிந்தும் இடம் மாறுகின்றன. அதனால் தங்கம் நீல ஒளியை விழுங்கிவிட்டு மஞ்சளாகத் தெரிகிறது. 47 புரோட்டான் கொண்ட வெள்ளியில் இந்த விளைவு குறைவு. அது விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை, ஆகவே வெள்ளையாக இருக்கிறது. நம் தாலிச் சங்கிலியின் நிறத்தை முடிவு செய்திருப்பது சார்பியல்.

எதையும் ஒளியைவிட வேகமாக நகர்த்த முடியாதா என்றால், சிலவற்றை முடியும். கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. பிறை பார்க்கும் நிலையமும் அதே குன்றில்தான். 5 நொடிக்கு ஒரு முறை சுழலும் ஒரு விளக்கின் கற்றை நிலாவைத் தொடும் அளவுக்கு வலுவானது என்று வைத்துக்கொண்டால், நிலாத் தரையில் அதன் ஒளிப்பொட்டு நொடிக்கு 480,000 கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். விதி மீறப்படவில்லை. அங்கே ஒரு பொருளும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகவில்லை. ஒவ்வொரு கணமும் குன்றிலிருந்து புதிய ஒளி போய்ச் சேர்கிறது. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் ஒளியைவிட வேகமாக விலகுவதும் இடமே விரிவதால் நிகழ்வது. தண்ணீருக்குள் ஒளி நொடிக்கு 225,000 கிலோமீட்டராகத் தளர்ந்துவிடும். அங்கே எலெக்ட்ரான் அதை முந்தலாம், முந்தும்போது நீல ஒளி வீசும். தடுக்கப்பட்டிருப்பது வெற்றிடத்து ஒளி வேகத்தை நிறையுள்ள பொருள் எட்டுவதும், எந்தச் செய்தியும் அதைத் தாண்டிப் போவதும்தான்.

செய்தி தாண்டக்கூடாது என்பதற்குக் காரண காரியத் தொடர்பு ஆதாரம். கம்போங் குவாந்தானின் மின்மினிகள் ஒன்றாக மின்னுவதற்குப் பெயர் பெற்றவை. ஆறு 60 மீட்டர் அகலம் என்று கொள்வோம். ஒளி அதைக் கடக்க நொடியின் 50 லட்சத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அக்கரையில் ஒன்றும் இக்கரையில் ஒன்றும் அந்த நேரத்துக்குள் மின்னினால், எது முந்தியது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. படகில் அக்கரை நோக்கி வேகமாகப் போகிறவருக்கு ஒன்று முந்தும், எதிர்த்திசையில் போகிறவருக்கு மற்றது முந்தும், இருவரும் சரி. அந்த இரண்டு மின்னல்களில் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்க முடியாது என்பதால் இதில் குழப்பம் இல்லை. ஒளியைவிட வேகமான தூது ஒன்று இருந்தால், சிலர் பார்வையில் விளைவு முதலிலும் காரணம் பிறகும் வந்துவிடும்.

இந்தச் சிக்கலை அறிந்தே, அதற்கு அப்பாலும் எட்டிப் பார்த்தவர் ஈ. சி. ஜி. சுதர்சன். கோட்டயத்துக்காரர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். 1962இல் பிலனியுக், தேஷ்பாண்டே ஆகியோரோடு எழுதிய கட்டுரையில் அவர் கேட்டது கூர்மையான கேள்வி. எல்லையைத் தாண்டிப் போகக்கூடாது என்பது சரி. பிறந்ததிலிருந்தே அப்பால் இருப்பவை இருக்கக்கூடாதா? இமயத்தைத் தாண்ட முடியாது என்பதற்காக அதற்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று சொல்வதற்கு, அவை இருக்கவே முடியாது என்பது ஒப்பாகும் என்றார். ஜெரால்ட் ஃபைன்பெர்க் 1967இல் அத்தகைய துகளுக்கு டாக்கியான் என்று பெயர் வைத்தார். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. 2011 செப்டம்பரில் இத்தாலியின் ஒபேரா குழு, ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் வந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட நொடியின் 100 கோடியில் 60 பங்கு முன்னதாக வந்ததாக அறிவித்தபோது உலகமே பரபரத்தது. சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழை இணைப்பே முக்கியக் காரணம் என்று சில மாதங்களில் தெரிந்தது. அந்தக் குழுவை ஏளனம் செய்தவர்கள் பலர். நம்ப முடியாத அளவீட்டை மறைக்காமல் வெளியிட்டு, எங்கே பிழை என்று எல்லோரையும் தேடச் சொன்னதை நான் மதிக்கிறேன்.

நிறை என்பதே என்ன என்ற கேள்வி மீதமிருக்கிறது. புரோட்டானின் நிறையில் பெரும்பகுதி, அதற்குள் அடைபட்டு ஓடும் குவார்க், குளுவான் என்ற துகள்களின் ஆற்றலே. எலெக்ட்ரான் போன்றவற்றுக்கு ஹிக்ஸ் புலம் நிறை தருகிறது. அதன் துகள் 2012இல் கண்டறியப்பட்டது. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்விலிருந்து உறுதியானது. எலெக்ட்ரானில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அற்ப நிறை இருப்பதாலேயே அதுவும் ஒளியை எட்டாதவற்றின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

ஒளித்துகளுக்கு நிறை இல்லை என்பதும் நம்பிக்கையாக விடப்படவில்லை, அளந்து பார்க்கப்படுகிறது. சூரியக் காற்றின் காந்தப் புலத்தை ஆராய்ந்து போட்ட வரம்பின்படி, அப்படி நிறை இருந்தாலும் அது எலெக்ட்ரானின் நிறையைக் கோடி கோடி கோடியால் வகுத்தால் கிடைப்பதைவிடவும் சிறியதாகத்தான் இருக்க முடியும். நாளைக்கு ஒருவர் அதைச் சுழி அல்ல என்று கண்டுபிடித்தால் சார்பியல் விழுந்துவிடாது. இடத்தையும் காலத்தையும் பிணைக்கும் எல்லை வேகம் அப்படியே இருக்கும். ஒளியும் அதை எட்டாதவற்றில் ஒன்றாகிவிடும்.